நீங்கள் எந்தக் கட்டம்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் எம்.எஸ்., பிஎச்.டி. படிக்க விண்ணப்பித்தவர்களுக்கு அந்தப் பக்கம் தெரிந்திருக்கும். 'உங்கள் இனம் எது? பொருந்துவதையெல்லாம் தேர்வு செய்க' என்று சில சதுரக் கட்டங்கள். அம்மா தமிழ், அப்பா ஜமைக்கா கறுப்பர் என்றால் இரண்டில் டிக் அடித்துவிட்டு நகர்ந்துவிடலாம். இந்த இரண்டாவது டிக்குக்கு அனுமதி கிடைக்க இருநூறு ஆண்டுகள் பிடித்தன.

இந்தக் கட்டங்களின் கதை தொடங்குவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பில். 1790-இல் நடந்த முதல் அமெரிக்கக் கணக்கெடுப்பில் சுதந்திரமான வெள்ளையர், மற்ற சுதந்திர மனிதர்கள், அடிமைகள் என்ற பிரிவுகளே இருந்தன. கலப்புக்கு 1850-இல் இடம் கிடைத்தது. கிடைத்த விதம்தான் அசிங்கம். கறுப்பு-வெள்ளைக் கலப்பில் பிறந்தவர்கள் அற்பாயுசுக்காரர்கள் என்று அலபாமா மருத்துவர் ஜோசையா நாட் சாதித்துவந்தார். அதை எண்ணிக்கையால் நிரூபிக்கும் ஆசையில்தான் 'முலாட்டோ' என்ற பிரிவு உள்ளே வந்தது. 1890-இல் கணக்கு பின்னத்துக்கே போய்விட்டது: கால் பங்கு கறுப்பு இரத்தம் என்றால் 'குவாட்ரூன்', அரைக்கால் பங்கு என்றால் 'ஆக்டோரூன்'. வாசலில் நின்ற கணக்கெடுப்பாளர் அரைக்காலை எப்படித்தான் கண்டுபிடித்தாரோ!

நம்மவர்களும் இந்தக் கூத்துக்குத் தப்பவில்லை. 1920 முதல் 1940 வரை அமெரிக்கக் கணக்கில் 'ஹிந்து' என்பது ஓர் இனம். பஞ்சாப் சீக்கியரும் அதில்தான் அடக்கம்.

கட்டம் கல்லூரி வாசலுக்கு வந்த கதை இன்னும் சுவாரசியம். 1922-இல் ஹார்வர்டு தன் விண்ணப்பத்தில் இனம், நிறம், மதம், தாயின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர், தந்தை பிறந்த ஊர் எல்லாம் கேட்கத் தொடங்கியது. உங்கள் பெயரையோ தந்தையின் பெயரையோ மாற்றியதுண்டா என்றும் ஒரு கேள்வி. யூத மாணவர்களை இனம்கண்டு குறைப்பதுதான் நோக்கம். மற்ற கல்லூரிகளிலும் இதே பாணிக் கேள்விகள் இருந்தன. நியூயார்க் 1948-இலும் மாசசூசெட்ஸ் 1949-இலும் கல்லூரிச் சேர்க்கையில் பாகுபாட்டைத் தடுக்கச் சட்டம் போட்டன.

1964-இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்ததும் அதே கேள்வி நேர்மாறான வேலைக்குத் திரும்பி வந்தது. ஒதுக்கப்பட்டவர்களைச் சேர்த்திருக்கிறீர்களா என்று அரசு கேட்டது. பதில் சொல்லக் கட்டம் தேவைப்பட்டது. வெளியே தள்ளச் செய்த கருவி உள்ளே அழைக்க உதவியது!

1958-இல் சென்னைப் பெண் சியாமளா கோபாலன் மேற்படிப்புக்காக பெர்க்லி போனார். கமலா ஹாரிஸின் அம்மா. 1970 கணக்கெடுப்பு அவரைப் போன்ற இந்தியர்களை வெள்ளையர் வரிசையில் சேர்த்துவிட்டது. இந்தியச் சங்கங்கள் போராடி 1980-இல்தான் தனிக் கட்டம் வாங்கின.

1977-இல் அரசின் 15-ஆம் எண் உத்தரவு நான்கு இனங்களை வகுத்தது. கலப்பு மரபினர் அதில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்பாவா அம்மாவா என்ற வாதை. தொண்ணூறுகளில் 'பல்லினத்தவர்' என்று தனிக் கட்டம் கேட்டார்கள். தங்கள் தலைக்கணக்கு குறையுமே என்று கறுப்பர் அமைப்புகள் எதிர்த்தன. 1997-இல் சமரசம்: தனிக் கட்டம் இல்லை, ஆனால் ஒன்றுக்கு மேல் டிக் அடிக்கலாம். 2000 கணக்கெடுப்பில் 68 லட்சம் பேர் அப்படி அடித்தார்கள், 2020-இல் 3.38 கோடி.

பல்கலைக்கழகங்கள் இதற்கு மாற 2010 ஆயிற்று. அப்போதும் ஒரு விசித்திரம். தமிழ் அப்பா, மெக்சிகோ அம்மா என்று இரண்டையும் குறித்தாலும், மத்திய அரசுக்குப் போகும் கணக்கில் அந்தப் பிள்ளை 'ஹிஸ்பானிக்' (ஸ்பானிய மொழி மரபினர்) மட்டுமே. ஜமைக்கா-தமிழ்ப் பிள்ளை 'இரண்டு அல்லது அதற்கு மேல்' என்ற மூட்டையில் போய்விடும்.

2023 ஜூனில் உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றது. ஆனால் தன் வாழ்வில் இனம் என்ன செய்தது என்று விண்ணப்பதாரர் கட்டுரையில் எழுதலாம். கட்டம் இப்போது பெரும்பாலும் புள்ளிவிவரத்துக்குத்தான்.

ஆகவே, அங்கே பிறந்து வளர்ந்த கலப்பு மரபுப் பிள்ளைகள் உள்ளதை உள்ளபடி குறிக்கட்டும், விருப்பமில்லையென்றால் விட்டுவிடட்டும். நம்மூர்போல் தாசில்தார் சான்றிதழ் கேட்கமாட்டார்கள். சென்னையிலிருந்து மாணவர் விசாவில் போகிறவருக்கு அந்தக் கவலையும் வேண்டாம்: எதில் டிக் அடித்தாலும், அரசுக் கணக்கில் அவர் வெளிநாட்டு மாணவர் வரிசையில்தான்.