எந்தப் பக்கம் மேலே?

சென்னைப் பக்கம், பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நின்றால் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். பக்கத்துச் சாலையிலோ 20 லிட்டர் தண்ணீர் கேன் ஏற்றிய குட்டியானை வண்டிகள் ஓய்வதில்லை. எங்கள் வீட்டில் ஆர்.ஓ. மெஷின்.

சென்ற மாதம் அதன் மெம்பரேனை, அதாவது உப்பைத் தடுக்கும் படலத்தை, மாற்ற வந்த தம்பியிடம் கேட்டு, பழையதை அறுத்துப் பார்த்தேன். பாய் சுருட்டினாற்போல் வெள்ளைத் தாள்கள், இடையிடையே கொசுவலை மாதிரி பிளாஸ்டிக், நடுவே ஒரு குழாய். தாளின் ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் துணிபோல் சொரசொரப்பு. இந்தப் பக்க வித்தியாசத்தில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது.

செல்லுலோஸ் அசிடேட் படலம் தண்ணீரிலுள்ள உப்பைத் தடுக்கும் என்று 1950களிலேயே ஃபுளோரிடாவில் சார்லஸ் ரீட் கண்டுபிடித்திருந்தார். பழைய சினிமா ஃபிலிம் செய்த அதே பொருள். ஆனால் தண்ணீர் சொட்டுவதற்குள் பொறுமை போய்விடும். லாஸ் ஏஞ்சல்ஸில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அதைக் கையிலெடுத்தவர்கள் சிட்னி லோபும் சீனிவாச சௌரிராஜனும். (பெயரைக் கேட்டதுமே திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் நினைவுக்கு வருகிறாரா?)

கடையில் கிடைத்த வடிகட்டிப் படலத்தை வெந்நீரில் போட்டெடுத்துச் சோதித்தார்கள். ஒரு நாள் நல்ல தண்ணீர் வந்தது. மறுநாள் அதே படலம் உப்பை அப்படியே விட்டது. வேறு யாராவது என்றால் குப்பையில் போட்டிருப்பார்கள். இவர்கள் விடவில்லை. எந்தப் பக்கம் உப்புநீரைப் பார்த்து இருக்கிறது என்பதுதான் விஷயம் என்று கண்டார்கள். ஒரு பக்கம் மெல்லிய தோல், அடியில் பஞ்சு. உப்பைத் தடுப்பது தோல் மட்டும்; பஞ்சு அதைத் தாங்கிக்கொண்டு தண்ணீருக்கு வழிவிடுகிறது.

பிறகு அந்தத் தோலைத் தாங்களே வரவழைத்தார்கள். அசிடோனில் கரைத்த செல்லுலோஸ் அசிடேட் கூழைக் கண்ணாடிமேல் பரப்பி, கொஞ்சம் உலரவிட்டு, ஐஸ் தண்ணீரில் முக்கினார்கள். ஆறும் பாலில் ஆடை கட்டுவதுபோல மேலே தோல் கட்டியது. தண்ணீர் பழையதைவிடப் பல மடங்கு வேகமாக வந்தது.

1965இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா ஊரில் அந்தப் படலம் உப்புநீரைக் குடிநீராக்கும் வேலைக்கு வந்தது. அதற்கு முன் அங்கே குடிநீர் ரயிலில் வந்த காலம் உண்டு. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்றைய படலம் பாலிஅமைடு; ஜான் கடாட் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. தோலும் தாங்கியும் என்ற அமைப்பு மட்டும் மாறவில்லை. சென்னைக்காக நெம்மேலியில் கடல்நீர் குடிநீராவதும் இப்படித்தான்.

தம்பி கிளம்பும்போது, கழிவுநீர் வரும் சின்னக் குழாயை வாளிக்குள் விட்டுப் போனார். பெரும்பாலான வீட்டு மெஷின்களில் குடிக்கக் கிடைப்பதைவிட வெளியேறுவதுதான் அதிகம். அதைச் சாக்கடைக்கு விடாதீர்கள்; வீடு துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம்.