வெள்ளைச் சேலையும் ஒரு லட்ச ரூபாயும்



'திருவிளையாடல்' படத்தில், பழம் கிடைக்காமல் கோபித்துப் போன முருகனைப் பாடிச் சமாதானப்படுத்தும் ஔவையாரை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவர்தான் கே.பி. சுந்தராம்பாள். அந்தப் பாட்டியை நமக்குத் தெரியும். அவர் ஏன் பாட்டியாகவும் துறவியாகவுமே நடித்தார் என்பது பலருக்குத் தெரியாது.

1908-ல் காவிரிக்கரைக் கொடுமுடியில், ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே நாடக மேடை ஏறினார். ஒலிபெருக்கி இல்லாத காலம். கொட்டகையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி பாட வேண்டும். கொழும்பு மேடைகளில் அவருடன் பாடி நடித்தவர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. 1927-ல் இருவரும் மணந்துகொண்டார்கள். 1933 டிசம்பரில் கிட்டப்பா 27 வயதிலேயே காலமானார். சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயது.

அன்று வெள்ளைச் சேலை உடுத்தினார், கடைசிவரை மாற்றவில்லை. இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவு செய்தார். கணவனை இழந்த பெண் மூலையில் உட்கார வேண்டும் என்று ஊர் சொன்ன காலம் அது. அவர் உட்காரவில்லை. துக்கத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டு, தொழிலுக்குத் திரும்பி வந்தார்.

ஜோடி சேராத நடிகைக்கு சினிமாவில் என்ன வேடம் இருக்கும்? 1935-ல் 'நந்தனார்' படத்துக்கு அழைத்தார்கள். நம் ஊர் பூசலாரைப் போல அறுபத்து மூவரில் ஒருவர் நந்தனார். கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சாதியில் பிறந்த அடியார். அந்த ஆண் வேடத்தை ஏற்க சுந்தராம்பாள் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்! அன்றைக்கு அது மலைக்க வைத்த தொகை.

பிறகு மணிமேகலை (1940), ஔவையார் (1953), 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள் (1964). எல்லாமே கதாநாயகன் தேவைப்படாத வேடங்கள். காங்கிரஸ் மேடைகளில் பாடினார், சட்ட மேலவை உறுப்பினரானார். 1970-ல் பத்மஸ்ரீ பெற்றார். 'துணைவன்' படப் பாடலுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. 1980-ல் மறைந்தார்.

'மணிமேகலை' வந்த அதே 1940-ல், அமெரிக்காவில் ஹாட்டி மெக்டானியல் ஆஸ்கர் விருது பெற்றார். அதைப் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர். ஆனால் விருது விழாவில் சக நடிகர்களோடு உட்கார வைக்காமல், தனி மேசையில் உட்கார வைத்தார்கள். பெரும்பாலும் வேலைக்காரி வேடங்களையே கொடுத்தார்கள். அவருக்கான வேடத்தை மற்றவர்கள் முடிவு செய்தார்கள். சுந்தராம்பாளோ எதில் நடிக்க மாட்டேன் என்பதைத் தானே முடிவு செய்தார்.

என் மாணவிகளில் சிலர் இளம் வயதிலேயே துணையை இழந்து, பிள்ளைகளோடு நிற்பதை அறிவேன். "இனி உனக்கு எதற்கம்மா வேலை?" என்று கேட்கும் சுற்றத்தாரையும் அறிவேன். அவர்களுக்குக் கொடுமுடிக்காரரின் கதையைச் சொல்லுங்கள். துக்கம் உங்களுடையது. தொழிலும் உங்களுடையதுதான். இரண்டில் எதையும் யாரும் பறிக்க விடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
திருநின்றவூர்