முடிவுத் திகதிக்குப் பின்னர்

ஒஸ்லோத் துறைமுகத்தில் நின்று நிமிர்ந்தால் முதலிற் கண்ணில் படுவது இரட்டைக் கோபுரச் செங்கற் கட்டடம். வந்த புதிதில் நாம் அதனை ஏதோ தொழிற்சாலை என்றுதான் நினைத்திருந்தோம். அது நகரசபை, நோர்வேஜியர் ரோட்ஹூசெ என்பர். அதன் வரலாற்றைப் பின்னாளில் வாசித்தபோது எமக்குள் ஆறாமற் கிடந்த பழைய வழக்கொன்று மீண்டும் கிளம்பிற்று.

1995இல் நாம் சிலர் சேர்ந்து சிறுகதைப் போட்டியொன்று நடத்தினோம். முடிவுத் திகதி ஒக்டோபர் நடுப்பகுதி. வந்த கதைகளில் ஒன்றில், யாழ்ப்பாணத்துக் கிழவியொருத்தி படலையைச் சாத்திவிட்டு, எது வந்தாலும் அசையேன் என்று திண்ணையில் குந்துகிறாள்; கதை முடிகிறது. ஒக்டோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தது. இரண்டு கிழமை கழித்து எழுதியவர் தொலைபேசியில் வந்தார்.

"அண்ணை, அந்த முடிவு இப்ப பொய்யாப் போச்சு. கடைசிப் பக்கத்தை மட்டும் மாத்தித் தரட்டோ?"

இயலாது என்றோம். சொன்னது சரியா என்ற கேள்வி மட்டும் எம்மோடு தங்கிவிட்டது.

சமாதானத்துக்கான நோபல் பரிசு 1947 முதல் 1989 வரை ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தின் ஆவுலா மண்டபத்தில் வழங்கப்பட்டது. 1990 முதல் நகரசபையில். முன்னதன் சுவரோவியங்களும் பின்னதன் கட்டடமும் போட்டியிற் பிறந்தவை. இரண்டிலும் திருத்தம் புகுந்தது.

ஆவுலாவுக்கான போட்டி 1909இல் தொடங்கியது. எட்வார்ட் மூங்க் அதில் ஒருவர். சிற்பி குஸ்தாவ் வீகலண்டின் தம்பி எமானுவேல் இன்னொருவர். மூங்கிற்குக் கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தெரியாது. நடுச்சுவருக்கென அவர் முதலில் எண்ணியது மனிதர் ஒருவர்மேல் ஒருவராக ஏறும் மலை. இன்று அங்கே எரிவது சூரியன். பல்கலைக்கழகம் இழுபறிப்பட்டு 1914இல்தான் அவரை ஏற்றது. படங்கள் 1916இல் ஏறின. சூரியனைப் பார்த்தவர் எவரும் அந்த மாற்றத்தைக் குறை சொல்லமாட்டார். ஆனால் எதிரே நின்றவனின் கண்ணால் ஒருமுறை பார்க்கவேண்டும்.

நகரசபைப் போட்டியில் ஆர்ன்ஸ்ரைன் ஆர்னபேர்க்கும் மக்னுஸ் பௌல்சனும் 1918இல் வென்றனர். வென்ற வரைபடத்தில் இன்றைய கட்டடத்தைக் காணமுடியாது. பணமில்லாமல் வேலை தள்ளிப்போக, கட்டடக்கலையின் சுவையே மாறிவிட்டது. இருவரும் திரும்பத் திரும்ப வரைந்தனர். 1931இல் அடிக்கல், நடுவில் ஜெர்மன் ஆக்கிரமிப்பு, 1950 மே 15இல் திறப்பு. தோற்றவர்களுக்கும் அத்தனை வருடம் கொடுத்திருந்தால் அவர்களும் புதுப்பாணியில் வரைந்திருப்பார்கள் அல்லவா? தீர்ப்பு முடிந்தபின் வந்த மாற்றம் என்பதால் மட்டுமே இது நியாயமாகிறது. தீர்ப்புக்கு முன்னரென்றால் ஒருவரது இன்றையும் மற்றவரது நேற்றையும் ஒரே தராசில் வைத்ததாகிவிடும்.

வாக்குக்கும் இதுவே விதி. 1963இல் லண்டனில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் நோர்வே நடுவர்குழு முதலில் சுவிஸுக்கு 3, டென்மார்க்குக்கு 2 என்றது. அறிவித்த முறை பிழையென்று கடைசியில் மீண்டும் அழைத்தபோது சுவிஸுக்கு 1, டென்மார்க்குக்கு 4. டென்மார்க் 42க்கு 40 என்று வென்றது. முதற் கணக்கு நின்றிருந்தால் சுவிஸ் அதே 42க்கு 40. முதலிற் சொன்னது இறுதிக் கணக்கல்ல என்று விளக்கம் வந்தது. அது மெய்யாகவே இருக்கலாம். அயல்நாட்டுக்குக் கைகொடுத்தார்கள் என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை.

(தருமிக்குப் பாட்டெழுதிக் கொடுத்த சிவன்கூட நக்கீரரோடு வாதாட வந்தாரே தவிர, ஒரு சொல்லை மாற்றித் தருகிறேன் என்று கேட்கவில்லை.)

எமது போட்டியில் இன்னொன்றும் இருந்தது. கதைகளைப் பெயர் நீக்கி, இலக்கமிட்டே நடுவர்களுக்குக் கொடுத்தோம். திருத்தம் கேட்டு ஒருவர் பேசிய கணமே அந்த இலக்கத்துக்கு ஒரு குரல் வந்துவிடுகிறது; குரலுக்கு ஊர் வருகிறது, இழந்த வீடு வருகிறது. அதன்பின் எவரால் கதையை மட்டும் வாசிக்க முடியும்? ஏனைய கதைகளை எழுதியவர்களுக்கும் அந்த ஒக்டோபரில் வீடு போயிருந்தது. எமது தொலைபேசி இலக்கம் அவர்களிடம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கதைக்குப் பரிசு கிடைக்கவில்லை. மாற்றிய முடிவோடு வேறோர் இதழில் அச்சாயிற்று. அதில் கிழவி திறப்பை இடுப்பிற் செருகிக்கொண்டு, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடக்கிறாள். எம்மிடமுள்ள பிரதியில் இன்னமும் திண்ணையில் இருக்கிறாள்.