குழாயை மூடியவர்கள்

போதைக்கு எதிராக ஒரு நாடு என்னென்ன செய்தது என்று தேடினால் சட்டமும் சிறையும் சுவரொட்டியும்தான் முதலில் அகப்படும். பிரிட்டனின் நடன கிளப்புகள் விஷயத்தில் நான் பின்தொடர்ந்து போனது ஒரு கழிவறைக் குழாயை. (தண்ணி என்றாலே நம்மூரில் வேறு அர்த்தம். இது நிஜத் தண்ணீர்.)

1988 வாக்கில் ஆசிட் ஹவுஸ் இசையும் எக்ஸ்டசி மாத்திரையும் கைகோத்துக்கொண்டு இங்கிலாந்தின் கிளப்புகளுக்குள் பரவின. மாத்திரை போட்டவர்கள் விடிய விடிய ஆடினார்கள், மதுவை அவ்வளவாக வாங்கவில்லை. பாரில் ஈ ஓட்ட வேண்டிய நிலை. சில முதலாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? கழிவறைக் குழாய்களில் குளிர்ந்த நீரை அடைத்துவிட்டு, பாட்டில் தண்ணீரை விலைக்கு விற்றார்கள். எக்ஸ்டசியில் இருக்கும் எம்டிஎம்ஏ உடற்சூட்டை ஏற்றக்கூடியது. காற்றோட்டமில்லாத கூடம், தோளோடு தோள் இடிக்கும் கூட்டம், மணிக்கணக்கில் ஆட்டம். அங்கே போய்க் குழாயை மூடுகிறார்கள். இந்தக் கதையில் எனக்குக் கோபம் வருவது மாத்திரை விற்றவன்மேல் மட்டுமல்ல.

1989இல் மான்செஸ்டரின் ஹசியெண்டா கிளப்பில் மாத்திரை எடுத்த 16 வயதுப் பெண் இறந்துபோனார். அதே ஊரில் லைஃப்லைன் என்றொரு தொண்டு நிறுவனம் இருந்தது. ‘போடாதே’ என்று அதட்டினால் யாரும் காதில் வாங்கமாட்டார்கள் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. பீனட் பீட் என்ற கார்ட்டூன் ஆசாமியை வைத்துத் துண்டுப்பிரசுரம் போட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் அங்கே பாதுகாப்பான நடனத்துக்கான இயக்கம் உருவானது. இலவசக் குளிர்நீர், உட்கார்ந்து ஆற ஓர் அறை, காற்றோட்டம், விவரம் தெரிந்த ஊழியர்கள். கேட்டது அவ்ளோதான்.

1995 நவம்பரில் எசெக்ஸில் ஒரு பெண் தன் 18ஆவது பிறந்தநாள் விருந்தில், சொந்த வீட்டிலேயே, மாத்திரை எடுத்துக் கோமாவில் விழுந்து இறந்தார். அவர் முகம் நாடெங்கும் சுமார் 1500 விளம்பரப் பலகைகளில் ஏறியது. ஒரே ஒரு மாத்திரைதான் கொன்றது என்றது வாசகம். மரண விசாரணையில் வேறொன்றும் வெளிவந்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் அவர் ஏறக்குறைய 7 லிட்டர் தண்ணீர் குடித்திருந்தார். எம்டிஎம்ஏ சிறுநீர் பிரிவதையும் தடுக்கும். இரத்தத்தில் உப்பு நீர்த்து, மூளை வீங்கிவிட்டது. ‘தண்ணீர் குடி’ என்ற பாதி அறிவுரை பரவியிருந்தது. எவ்வளவு என்ற மீதிப் பாதிதான் போய்ச் சேரவில்லை. ஆடும்போது மணிக்கு அரை லிட்டர், அதுவும் மெல்ல மெல்ல. இந்த ஒரு வரியைத் தாங்க அந்தப் பலகைகளில் இடமா இல்லை?

கடலுக்கு அப்பால் இன்னும் விசித்திரம். 2002இல் அமெரிக்க செனட்டுக்கு வந்த ரேவ் மசோதா, பாட்டில் தண்ணீர் விற்பதையும் ஆறும் அறைகள் வைப்பதையும் போதைக் கூட்டத்தின் அடையாளங்களாகக் காட்டியது. உயிர் காக்க வைத்ததே சாட்சியாகிவிடுமோ என்று விருந்து நடத்துபவர்கள் பயந்தார்கள். மசோதா பெயர் மாறி 2003இல் சட்டமானது. அந்த வரிகள் அதில் இல்லை. பயம் போனதா என்பது வேறு விஷயம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2010 ஏப்ரலில் புது விதி வந்தது. கடைக்குள் உட்கார்ந்து குடிக்க மது விற்கும் இடங்களில், கேட்பவருக்குக் குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். குடிவெறியைக் கட்டுப்படுத்தத்தான் அதைப் போட்டார்கள். எக்ஸ்டசிக்காக அல்ல.