பிரிந்தவர்களிடமிருந்து பிரிந்தவர்கள்

2011 ஏப்ரல் 26 அன்று சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு சபை வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கில்ஸ்டெட் சாலையில் ஒரே வளாகத்தில் லைஃப் பைபிள் பிரெஸ்பிட்டீரியன் சபையும் ஃபார் ஈஸ்டர்ன் வேதாகமக் கல்லூரியும் இருந்தன. மூல மொழிகளில் அருளப்பட்ட வேதவசனம், கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்புக்கு ஆதாரமான பிரதிகளில் ஓர் எழுத்தும் பிசகாமல் காக்கப்பட்டிருக்கிறது என்று கல்லூரி போதித்தது. அது எங்கள் விசுவாச அறிக்கைக்கு மாறான உபதேசம், ஆகவே கல்லூரி வளாகத்தைக் காலி செய்ய வேண்டும் என்று சபை வாதாடியது. நீதிபதிகள் 17ஆம் நூற்றாண்டு வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையை ஆராய்ந்து, கல்லூரியின் போதனை அதற்கு விரோதமானதல்ல என்று கண்டு, கல்லூரி அங்கேயே இருக்கலாம் என்றார்கள். இரு தரப்பையும் தோற்றுவித்தவர் ஒருவரே. திமோத்தி தோவ் 1950இல் சபையை ஆரம்பித்தார், 1962இல் கல்லூரியைத் தொடங்கினார், இந்தத் தகராறு முற்றியபோது 2003இல் தாம் தொடங்கிய சபையை விட்டே வெளியேறினார், 2009இல் காலமானார். வேதத்தில் பிழையில்லை என்பதிலும், தவறான உபதேசத்தோடு சமரசம் கூடாது என்பதிலும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. இருந்தும் தங்களுக்குள் யார் தடம் மாறியவர் என்பதைச் சொல்ல அவர்களுக்கு அரசாங்கத்தின் நீதிமன்றம் தேவைப்பட்டது.

இதை ஜொகூர் நீரிணைக்கு அக்கரை விவகாரம் என்று தள்ளிவிட முடியாது. பைபிள் பிரெஸ்பிட்டீரியன் சபைகள் இக்கரையில் ஜொகூரிலும் உண்டு. கூலாய் பக்கத்துக் கெலாப்பா சாவிட் புதுக்கிராமம் அதற்குச் சாட்சி. குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் உள்ள காஹாங் மாதிரியான சிற்றூர்களுக்கு இந்த வரலாறு இன்னொரு வகையிலும் பொருந்துகிறது. விசுவாசிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருக்கும் இடத்தில், வெளிநாட்டில் யாரோ யாரோடோ மேடையேறினார் என்பதற்காக ஒரு ஜெபக்கூட்டம் இரண்டாக உடைவதன் வலி நகரத்தைவிடப் பலமடங்கு அதிகம். பிரிந்து வருவது ஒரு காலத்தில் உபதேசத்தைக் காத்தது. பிரியாதவர்களை விட்டும் பிரிவது என்ற அடுத்த படியில் காலை வைத்தபோது, அது எங்கே நிற்பது என்பதை அதனாலேயே சொல்ல முடியாமல் போயிற்று. பைபிள் பிரெஸ்பிட்டீரியன்கள் குழந்தை ஞானஸ்நானம் கொடுப்பவர்கள், பாப்டிஸ்டுகள் அல்லர். ஆனால் அவர்கள் நடந்த பாதையில் வெகுதூரம் முன்பே நடந்தவர்கள் பாப்டிஸ்டுகள். ஆதாரங்களும் அவர்களிடமே அதிகம்.

பாப்டிஸ்டு சபைக்கு மேலே பேராயர் இல்லை, ஆளும் சினட் இல்லை. விசுவாசித்து மூழ்கு ஞானஸ்நானம் பெற்றவர்கள் கூடினால் அது முழுமையான சபை. தன் உபதேசத்துக்கு அதுவே பொறுப்பு. தவறு நேர்ந்தால் திருத்த மேலிடம் கிடையாது என்பதால், உறவை முறித்துக்கொள்வதே அவர்கள் கையில் இருந்த ஒரே கருவி. இந்தியாவில் அவர்கள் பணியின் தொடக்க ஆண்டுகளிலேயே கேள்வி எழுந்துவிட்டது. 1800 டிசம்பர் 22 அன்று செராம்பூரில் தச்சர் கிருஷ்ண பால், வில்லியம் கேரியோடும் மற்ற மிஷனரிகளோடும் உட்கார்ந்து சாப்பிட்டுச் சாதியை உதறினார். ஆறு நாள் கழித்து, 28ஆம் தேதி, ஹூக்ளி ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார். அதே செராம்பூர் சபையில், மூழ்கு ஞானஸ்நானம் பெறாத மற்றக் கிறிஸ்தவர்களைத் திருவிருந்தில் சேர்க்கலாமா என்பது தீராத வாதமாக இருந்தது. 1805இல் சேர்க்கலாம் என்று பந்தியைத் திறந்தார்கள். 1811இல் மறுபடியும் மூடினார்கள். இந்தத் தயக்கத்தை நான் பலவீனமாகப் பார்க்கவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி உபதேசத்தைப் பற்றிய கேள்வி: ஞானஸ்நானம் என்றால் என்ன, அது இல்லாமல் திருவிருந்து உண்டா? அதற்குப் பதிலை வேதத்தில் தேட வழி இருந்தது. 1812இல் அடோனிராம் ஜட்சன் வந்ததும் இந்த வகைதான். அமெரிக்கக் காங்கிரிகேஷனல் மிஷனின் பணத்தில் கப்பலேறியவர், பயணத்தில் வேதத்தைப் படித்து மனம் மாறி, கல்கத்தாவில் மூழ்கு ஞானஸ்நானம் எடுத்தார். அதோடு அந்த மிஷனுக்கு ராஜினாமாக் கடிதமும் எழுதினார். சம்பளம் போயிற்று, ஆதரவு போயிற்று. யாரையும் அவர் தூற்றவில்லை. பிரிவினையில் கண்ணியமான வகை எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

மூடிய பந்தியின் கதை தமிழ்நாட்டுக்கும் வந்தது. இங்கிலாந்தில் பாப்டிஸ்டுப் போதகர் ராபர்ட் ஹால் 1815இல் பந்தியைத் திறக்க வேண்டும் என்று எழுதினார். நாரிச் நகர புனித மரியாள் சபையின் போதகர் ஜோசப் கிங்ஹார்ன் மறுத்து எழுதினார். கிங்ஹார்ன் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் காத்து நின்ற அதே சபை பந்தியைத் திறந்தது. பழைய உபதேசத்தில் நின்றவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1860இல் நீதிமன்றம், திறப்பதா மூடுவதா என்பதை ஒவ்வொரு பாப்டிஸ்டு சபையும் தானே முடிவுசெய்யலாம் என்று தீர்ப்பளித்தது. கில்ஸ்டெட் சாலைக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே அதே காட்சி நடந்து முடிந்திருக்கிறது. மறு ஆண்டு, 1861இல், மூடிய பந்திக்காரர்கள் தங்களுக்கென ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்டு மிஷனை ஏற்படுத்தினார்கள். அதன் ஊழியர்கள்தான் பின்னாளில் சேலம், நாமக்கல், சேந்தமங்கலம் வட்டாரங்களிலும் கொல்லிமலையிலும் பணியாற்றினார்கள். சேர்ந்து உண்ண மறுப்பது என்றால் என்ன என்பதைத் தலைமுறை தலைமுறையாக அனுபவித்து அறிந்த ஊருக்கு ஒரு மூடிய பந்தி வருகிறதே, இது ஆபத்தில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிறப்பால் வரும் விலக்குக்கும் விசுவாசத்தால் வரும் வரம்புக்கும் அடிப்படையில் பேதம் உண்டு. முன்னதில் வெளியே நிற்பவர் உள்ளே வர வழியே இல்லை, பின்னதில் கதவு ஞானஸ்நானத் தொட்டியின் அளவுக்குத் திறந்தே இருக்கிறது. ஆனாலும் அந்த பேதத்தை ஊர் நம்ப வேண்டுமானால் பந்திக்கு வெளியே நடத்தை அதை நிரூபிக்க வேண்டும். கொல்லிமலையில் அந்த மிஷனின் ஊழியர் ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும் அப்படித்தான் நடந்தார்கள். நரம்புச் சிலந்தி வந்தவன் காலிலிருந்து புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி, அறுந்துவிடாமல், நாள்கணக்கில் மெல்ல இழுத்தெடுத்தார் ஜெஸ்ஸி. இறங்கி நின்று மொள்ளும் நீர்நிலையே நோயின் மூலம் என்பதால் கிணறுகளும் தோண்டினார். வைத்தியத்துக்கு வந்தவனிடம் அவன் எந்தச் சபை என்று கேட்கவில்லை. 1929இல் அவர் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின், மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் 1974இல் இறக்கும்வரை அந்தப் பக்கத்து மலைகளிலேயே ஊழியம் செய்தார். அவர்கள் மகன் பால் பிராண்ட், பல சபைகள் சேர்ந்து நடத்திய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். மிகக் கறாரான உபதேசமும் மிக விரிந்த கையும் ஒரே வீட்டில் இருந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அடுத்த கட்டம் 1887இல் லண்டனில் தொடங்குகிறது. பாப்டிஸ்டு யூனியனுக்குள் கிறிஸ்துவின் பரிகார மரணத்தையும் வேதத்தின் அதிகாரத்தையும் தளர்த்திப் பேசுபவர்கள் பெருகுகிறார்கள் என்று போதகர் சார்லஸ் ஸ்பர்ஜன் தம் மாத இதழில் எச்சரித்தார். யூனியன் அசையவில்லை. அந்த அக்டோபரில் அவர் விலகினார். அடுத்த ஜனவரியில் யூனியனின் ஆலோசனைக் குழு அவரையே கண்டித்தது. பெயர் சொல்லாமல் குற்றம் சாட்டினார் என்பது அவர்மேல் வைக்கப்பட்ட பெரிய குறை. அந்தரங்கமாக வந்த கடிதங்களை அவர் வெளியிட விரும்பவில்லை என்பது அவர் தரப்பு. ஸ்பர்ஜன் பிரிந்தது சரியென்றே நான் கருதுகிறேன். யூனியனில் சேர விசுவாச அறிக்கை என்று எதுவும் கேட்கப்படவில்லை. அப்படி ஓர் அறிக்கை வேண்டும் என்பது அவர் கோரிக்கை. அவரைத் தொடர்ந்து வந்தவர்கள் மிகச் சிலரே. ஆனாலும் யூனியனிலேயே தங்கிவிட்ட நண்பர்களை அவர் எதிரிகள் பட்டியலில் சேர்க்கவில்லை. அவர் நடத்திய மெட்ரோபாலிட்டன் டாபர்னக்கிள் 1955இல் மீண்டும் யூனியனில் சேர்ந்து 1971இல் மறுபடியும் விலகியது என்பதைப் பார்த்தால், பிரிவு ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடக்கூடிய காரியமல்ல என்பது விளங்கும்.

அமெரிக்காவில்தான் இரண்டாவது படி வைக்கப்பட்டது. 1920இல் பாப்டிஸ்டு பத்திரிகையாசிரியர் கர்ட்டிஸ் லீ லாஸ், விசுவாசத்தின் அடிப்படைகளுக்காகப் போராடுபவர்களுக்கு ஃபண்டமென்டலிஸ்டு என்ற பெயரைக் கொடுத்தார். 1922இல் இண்டியானாபொலிஸில் கூடிய வடக்கத்திப் பாப்டிஸ்டு மாநாட்டில், எழுதப்பட்ட விசுவாச அறிக்கை ஒன்றை ஏற்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு எதிராக, புதிய ஏற்பாடே போதும் என்ற தீர்மானம் 637க்கு 1,264 வாக்குகளில் வென்றது. கேட்க நன்றாக இருந்த அந்தத் தீர்மானம், புதிய ஏற்பாட்டை எப்படி வேண்டுமானாலும் வியாக்கியானம் செய்ய வழிவிட்டது. 1932இல் ஒரு பிரிவு வெளியேறித் தனிச் சங்கம் கண்டது. மிஷனரிகள் எதை நம்பினாலும் அனுப்புவோம் என்ற கொள்கையை ஏற்க முடியாமல் 1943இல் இன்னொரு பிரிவு தனி மிஷன் அமைத்தது. இதுவரை சண்டை உபதேசம் பற்றியது. 1957இல் சுவிசேஷகர் பில்லி கிரஹாம், தாராளவாதச் சபைகளும் சேர்ந்த குழுவின் ஆதரவில் நியூயார்க்கில் கூட்டம் நடத்தினார். அவர் பிரசங்கித்த சுவிசேஷத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை; யாரோடு சேர்ந்து பிரசங்கித்தார் என்பதே குற்றமாயிற்று. ஃபண்டமென்டலிஸ்டுத் தலைவர்களான பாப் ஜோன்ஸும் ஜான் ஆர். ரைஸும் அவரோடு உறவை முறித்தார்கள். 1971இல், சமரசக்காரர்களோடு மேடையில் அமர்வதை முற்றாகக் கைவிடவில்லை என்று அந்த ரைஸோடேயே பாப் ஜோன்ஸின் மகன் பாப் ஜோன்ஸ் ஜூனியர் உறவை முறித்தார். சிங்கப்பூரில் பைபிள் பிரெஸ்பிட்டீரியன் சினட், யாரோடு எவ்வளவு தூரம் விலகியிருப்பது என்ற இதே சண்டையில் 1988 அக்டோபர் 30 அன்று தன்னையே கலைத்துக்கொண்டது. இரண்டாம் படியை ஏற்றுக்கொண்டவனுக்கு மூன்றாம் படியை மறுக்கக் காரணம் கிடைப்பதில்லை. நான் விலகியவரோடு நீ பேசுகிறாய் என்பது போதிய குற்றமானால், உன்னோடு பேசுகிறவனும் குற்றவாளி. அவனோடு பேசுகிறவனும் அப்படியே.

இதற்கு எதிர்த்தரப்பு வலுவான பதில் வைத்திருக்கிறது. 2 யோவான், உபதேசத்தில் நிலைத்திராதவனை வாழ்த்துவதே அவனுடைய துர்க்கிரியையில் பங்குகொள்வதாகும் என்று எச்சரிக்கிறது. கூட நிற்பதே அங்கீகாரம் என்றால், கள்ளப் போதகனோடு கூட நிற்கிறவனும் தவறுகிறானே? ஆம், தவறலாம். ஆனால் அந்த நிருபம் பேசுவது கிறிஸ்து மாம்சத்தில் வந்ததையே மறுக்கும் போதகனைப் பற்றி. அவனை வீட்டுக்குள் விட்ட சகோதரனைக் கண்டிக்கச் சொல்லலாம், புத்தி சொல்லச் சொல்லலாம். அந்தச் சகோதரனையும் கள்ளப் போதகன் வரிசையில் நிறுத்தச் சொல்லவில்லை. போதகன், ஏமாந்த சகோதரன் என்ற இந்த பேதம் அழிந்த நாளில்தான் பிரிவினைக்கு எல்லை அழிந்தது. பேதுரு தவறியபோது பவுல் அந்தியோகியாவில் முகமுகமாக எதிர்த்தார். பேதுருவோடு உறவை அறுக்கவில்லை.

மறுபக்கத்திலிருந்து வரும் ஆட்சேபம் வேறு. பிரிவே வேண்டாம், எல்லாரும் ஒன்றாகலாம், தென்னிந்தியத் திருச்சபை வழிகாட்டவில்லையா என்பார்கள். 1919இல் தரங்கம்பாடியில் ஆங்கிலிக்கன் பேராயர் வேதநாயகம் அசரியா முன்னின்று நடத்திய மாநாட்டில் விதைத்தது, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரெஸ்பிட்டீரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றானதில் முடிந்தது. அது பெரிய காரியம். பாப்டிஸ்டுகள் அதில் சேரவில்லை. சேராததற்குப் பிடிவாதம் காரணமில்லை. குழந்தைக்கும் விசுவாசிக்கும் இருவகை ஞானஸ்நானமும் சரியே என்று ஏற்றால் தங்கள் சபையின் அடித்தளமே போய்விடும் என்று நினைத்தார்கள். 1970இல் வட இந்தியத் திருச்சபை அமைந்தபோது அந்த இருவகையையும் ஏற்று வடஇந்தியப் பாப்டிஸ்டுகளில் ஒரு பகுதியினர் உள்ளே போனார்கள், மற்றவர்கள் வெளியே நின்றார்கள். இரண்டு முடிவுகளும் உபதேசத்தை எடைபோட்டு எடுத்தவை, இரண்டையும் மதிக்கலாம். வெளியே நின்றவரை வெறியர் என்பதும் உள்ளே போனவரை விலைபோனவர் என்பதும் ஒரே அளவு அநியாயம்.

மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் திருநெல்வேலி ஆங்கிலிக்கனாகவும் தரங்கம்பாடி லுத்தரனாகவும் வந்தார்கள். இங்கே மெதடிஸ்டும் பிரதரனும் சேர்ந்துகொண்டன. இந்தப் பிரிவுகளில் ஒன்றைக்கூட அவர்கள் உண்டாக்கவில்லை. வேறு கண்டங்களில் முடிவான தகராறுகள் கப்பலேறி அவர்களிடம் வந்து சேர்ந்தன. பின்னால் வந்த சுதந்திரச் சபைகளும் பாப்டிஸ்டு போதகர்களும் புதிய தகராறுகளைக் கொண்டுவந்தார்கள். இன்று அவை இணையத்தில் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகின்றன. ஒரு போதகர் கிறிஸ்துவின் தெய்வத்துவத்தையோ உயிர்த்தெழுதலையோ மறுத்தால், காஹாங்கில் ஐந்து குடும்பங்கள் மட்டுமே இருந்தாலும் அவரை விட்டு விலகுங்கள். அதில் சமரசம் வேண்டாம். அதை மறுக்காத ஒருவர், நீங்கள் விரும்பாத இன்னொருவரோடு ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் உட்கார்ந்தார் என்பது மட்டுமே காரணமானால், சபையை உடைப்பதற்கு முன் அவர் வீட்டுக்குப் போய் அவரிடமே கேளுங்கள்.