கொல்லிமலை ஆகாய கங்கை: இறங்குறது ஈசி... ஏறுறதுதான் கஷ்டம்!

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் அறப்பளீஸ்வரர் கோவில் பக்கத்தில் ஓடும் அய்யாறு, மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கில் சுமார் 300 அடி உயரத்தில் இருந்து கொட்டுகிறது. இதுதான் ஆகாய கங்கை அருவி.

காரவள்ளி அடிவாரத்தில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். தலை சுற்றும் ஆட்கள் வெறும் வயிற்றோடு ஏறாதீங்க.

அறுத்து சமைத்த மீன் மறுபடி உயிர் பெற்று துள்ளி ஓடியது என்பது கோவிலின் கதை. அதனால் இங்கே ஆற்றில் யாரும் மீன் பிடிப்பதில்லை. கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அவருக்கு செம்மேட்டில் சிலை இருக்கிறது. ஆடி 18-ல் அரசு விழாவும் நடக்கும்.

கோவில் அருகில் இருந்தே அருவிக்கு படிக்கட்டு. 1,000-க்கும் மேல் படிகள், எல்லாம் செங்குத்து. குளிக்கிற ஆசையில் எல்லாரும் விறுவிறுன்னு இறங்கிடுறாங்க. திரும்பும்போதுதான் மூச்சு வாங்குது. பாதியில் முடியலைன்னா வண்டி வராது, தூக்கித்தான் வரணும். இதய நோயாளிகள், மூட்டு வலிக்காரர்கள் கோவிலோடு திரும்புவதே நல்லது.

மழை பெய்தால் படி வழுக்கும். வெள்ளம் வந்தால் குளிக்க தடை போடுவாங்க. கிளம்பும் முன் விசாரிச்சுக்கோங்க. குடிதண்ணீர் கையில் இருக்கட்டும். தின்பண்டத்தை குரங்குகள் கண்ணில் காட்டாதீங்க. இருட்டும் முன் மேலே ஏறி வர, மதியத்துக்குள் இறங்கிடணும்.