காரில் சி.பி. வானொலி ஆன்டெனாவைச் சரிசெய்தல்: அமெரிக்க வரலாறு

சி.பி. வானொலி எனப்படும் குடிமக்கள் வானொலி, பொதுமக்கள் குறைந்த தொலைவில் தமக்குள் பேசிக்கொள்ள ஒதுக்கப்பட்ட இருவழி வானொலிச் சேவை ஆகும். அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 1958 செப்டம்பரில் 27 மெகாஹெர்ட்சை ஒட்டி 23 அலைவரிசைகளை இதற்காகத் திறந்துவிட்டது. அமெச்சூர் வானொலியாளர்களைப் போல் இவர்கள் தேர்வு எழுத வேண்டியதில்லை. அக்காலத்தில் விண்ணப்பமும் கட்டணமும் போதுமானவையாக இருந்தன. ஆனால் திறனுக்குச் சட்டம் வரம்பு கட்டியது; வெளியீடு 4 வாட் அளவுதான். விலை உயர்ந்த கருவிக்கும் மலிவான கருவிக்கும் வரம்பு ஒன்றே. ஆகவே குரல் எட்டும் தொலைவு பெரும்பாலும் வண்டிக்கு மேல் நிற்கும் ஆன்டெனாவைப் பொறுத்தே அமைந்தது.

27 மெகாஹெர்ட்சில் அலைநீளம் சுமார் 11 மீட்டர். அதில் கால் பங்கு நீளமுள்ள கம்பி நன்றாக ஒத்ததிரும். மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் ஒத்ததிர்வுக் காற்றுத்தம்பக் கருவியில் நீர்மட்டத்தை ஏற்றி இறக்கியவர்களுக்கு இது புதிதல்ல. கால் பங்கு என்றால் ஏறத்தாழ 9 அடி! 102 அங்குல எஃகுக் கம்பியை, அடியில் சுருள்வில் வைத்து, பின்பக்க பம்பரில் பொருத்தினார்கள். அது மரக்கிளையிலும் கூரையிலும் இடிக்கும். எனவே கம்பிச்சுருள் சேர்த்த குட்டை ஆன்டெனாக்கள் பரவின. குட்டையானவை வசதிதான், ஆனால் அவை குறுகிய அதிர்வெண் பட்டையில் மட்டுமே சரியாக வேலை செய்யும்.

1973 எண்ணெய் நெருக்கடியும், 1974இல் வந்த மணிக்கு 55 மைல் வேகக் கட்டுப்பாடும் லாரி ஓட்டுநர்களைச் சி.பி. வானொலியின் பக்கம் திருப்பின. டீசல் எங்கே கிடைக்கிறது, போலீஸ் எங்கே நிற்கிறது என்பதையெல்லாம் 19ஆம் அலைவரிசையில் பேசிக்கொண்டார்கள். கூட்டம் பெருகவே, 1977 ஜனவரி 1 முதல் அலைவரிசைகள் 40 ஆயின.

இந்த மாற்றம் ஆன்டெனாவையும் பாதித்தது. பழைய பட்டை 26.965 முதல் 27.255 மெகாஹெர்ட்ஸ் வரை. அதன் நடு 27.110. புதிய பட்டையோ 27.405 வரை நீண்டது. அதன் நடு 27.185. லாரிக்காரர்களின் 19ஆம் அலைவரிசை மிகச் சரியாக அங்கேதான் இருக்கிறது. முழுநீளக் கம்பிக்கு இந்த வேறுபாடு முக்கால் சென்டிமீட்டர்தான். பழைய நடுவுக்குச் சரிசெய்திருந்த குட்டை ஆன்டெனாவிலோ 40ஆம் அலைவரிசைக்குப் போகும்போது பொருத்தம் கெடும்.

சரிபார்க்க நிலை அலை விகிதமானி பயன்படுகிறது. கருவிக்கும் ஆன்டெனாக் கேபிளுக்கும் இடையே இதை இணைத்து, திறந்த வெளியில், கதவுகளை மூடிக்கொண்டு 1, 40 ஆகிய அலைவரிசைகளில் அளக்க வேண்டும். 40இல் விகிதம் கூடுதலானால் கம்பி நீளம். சிறு திருகாணியைத் தளர்த்திக் கம்பியை உள்ளே இறக்க வேண்டும். 1இல் கூடுதலானால் கம்பி குட்டை. வெளியே இழுக்க வேண்டும். விகிதம் 1.5 என்றால் திரும்பி வரும் திறன் 4 விழுக்காடுதான். 3 என்றால் கால் பங்கு திரும்பிவிடும். வெளியீட்டு டிரான்சிஸ்டரே பழுதாகலாம்.

இரண்டு அலைவரிசைகளிலும் 3க்கு மேல் காட்டினால் கம்பியில் கை வைக்கக் கூடாது. அவசரப்பட்டு வெட்டினால் கம்பிதான் வீணாகும். வண்டியின் உலோக உடல் ஆன்டெனாவின் மறுபாதி. கோளாறு பெரும்பாலும் அந்த இணைப்பில்தான் இருக்கும். பிடிமானத்துக்கு அடியில் உள்ள பெயின்ட்டைச் சுரண்டி, உலோகத்தோடு உலோகம் படும்படி இறுக்கிவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.